முள் ஆடுகிறதென்று ஆல்டர்னேட்டரைக் கழற்றாதீர்கள்: டிசி கிளாம்ப் மீட்டர், ஒரு பயனர் விமர்சனம்

பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்தத் தலைவலி பழக்கமாயிருக்கும். டாஷ்போர்டில் சார்ஜிங் காட்டும் முள் ஓரிடத்தில் நிற்காது. ஐடிலிங்கில் சரியும், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் ஏறும், சில சமயம் மிதித்தாலும் ஏறாது, ஹெட்லைட்டும் அதோடு சேர்ந்து மங்கி மங்கி எரியும். யாரிடம் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "டைனமோ போச்சு, மாத்திடுங்க." டைனமோ என்று அவர்கள் சொல்வது, இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை. போயிருக்கலாம்தான். ஆனால் அளந்து பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. அதை அளக்க நான் வாங்கியதுதான் இந்த மீட்டர். ஒரு ரீபில்ட் ஆல்டர்னேட்டர் விலையோடு பார்த்தால் இதன் விலை சின்னப் பங்குதான், ஐந்துக்கு நான்கு ஸ்டார் தாராளமாகக் கொடுப்பேன். அந்த ஒரு ஸ்டார் ஏன் குறைந்தது என்பதும் கீழே இருக்கிறது.

ஒயரை வெட்டாமல் வாயால் கவ்விப் பிடித்தே 100 ஆம்பியர் வரை டிசி கரன்ட் அளக்கும் கையடக்க கிளாம்ப் மீட்டர் இது. பிராண்டைச் சொல்லவில்லை, இதே ஜாதி மீட்டர் பல பெயர்களில் விற்கிறது, நான் சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம், ஆம்பியருக்குப் பக்கத்தில் நேர்க்கோடு போட்ட டிசி குறி இருக்கிறதா என்பது. கிளாம்ப் மீட்டர் என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஏசி கரன்ட் மட்டும்தான் அளக்கும், வீட்டு வயரிங் பார்க்க அது போதும். வண்டியில் மாட்டினால் டிசி எவ்வளவு ஓடினாலும் காட்டாது. டிசி வோல்ட் இருக்கிறது என்று அட்டையில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது, வோல்ட் வேறு ஆம்பியர் வேறு. டிசி கரன்ட் அளப்பதற்கு வாய்ப்பகுதியில் காந்தப் புலத்தை உணரும் ஹால் எஃபெக்ட் சென்சார் வேண்டும், அது இருக்கிற மீட்டரில் ஜீரோ என்று ஒரு பட்டன் வழக்கமாக இருக்கும். பட்டன் இல்லையென்றால் வைத்துவிட்டு நகருங்கள்.

சரி, வோல்ட் பார்க்கத்தான் எல்லோரிடமும் மல்டிமீட்டர் இருக்கிறதே, ஆம்பியர் எதற்கு? இந்த மீட்டரின் முழு மதிப்பும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வோல்ட் என்பது கையிருப்பு மாதிரி. கையிருப்பு குறைந்தால் வரவு குறைந்ததா, செலவு கூடியதா என்று கையிருப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. டாஷ்போர்டு முள் காட்டுவது கையிருப்பை மட்டும்தான், அதுவும் இக்னிஷன் சுவிட்சைத் தாண்டி, நாலைந்து கனெக்டர் தாண்டி வந்து சேர்ந்த மிச்சத்தை. பேட்டரி முனைகளில் ஒரு சாதாரண மல்டிமீட்டரை மாட்டிவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து கரன்ட் வெளியே வரும் பி பிளஸ் கேபிளில் இந்த கிளாம்பைப் போட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் பாருங்கள். வோல்ட் இறங்கும்போது ஆம்பியர் ஏறினால் எங்கோ ஏதோ லோடு இழுக்கிறது, ஆல்டர்னேட்டர் தன்னால் முடிந்ததைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வோல்ட் இறங்கும்போது ஆம்பியரும் சேர்ந்து இறங்கினால் வரவுப் பக்கம்தான் கோளாறு: பெல்ட், ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், அல்லது ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி வரை போகும் பாதை. எதைத் தேடுவது என்று தெரியாமல் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதற்கும், தேட வேண்டிய பக்கம் தெரிந்து நிற்பதற்கும் வித்தியாசம் எவ்வளவு என்று இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

என் டிரக் பழைய டீசல், ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இருக்கிற ரகம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டும் ப்ளோவரும் போட்டதும் பேட்டரியில் 13.9 வோல்ட், கேபிளில் 42 ஆம்பியர். குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜின் சூடேற ஏற வோல்ட் 13.1க்கு வந்தது, ஆம்பியர் 29க்கு வந்தது, ஆக்சிலரேட்டரை ஒரு முறை மிதித்தால் இரண்டும் துள்ளி ஏறி மறுபடி விழுந்தன. இரண்டும் சேர்ந்து இறங்கியதால் வரவுப் பக்கம். இங்கேயே நிறுத்தியிருந்தால் ஆல்டர்னேட்டர்தான் குற்றவாளி என்று தோன்றும். ஆனால் மல்டிமீட்டர் புரோபை பேட்டரியிலிருந்து எடுத்து ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டிலும் அதன் உடம்பிலும் நேரடியாக வைத்தால் 14.3 வோல்ட், இன்ஜின் சூடாக இருக்கும்போதும் அசையாமல் நின்றது. ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது, கொடுப்பது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இனி 1.2 வோல்ட் எங்கே காணாமல் போகிறது என்று தேட வேண்டும். ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.05 வோல்ட்தான், எர்த் (மைனஸ்) பக்கம் சுத்தம். மிச்சம் முழுக்க பிளஸ் பக்கம். பி பிளஸ் கேபிள் நேராக பேட்டரிக்குப் போவதில்லை, பானட்டுக்குள் இருக்கிற ஃபியூஸ் பாக்ஸில் போல்ட் போட்டு முறுக்கிய பெரிய ஃபியூஸ் வழியாகப் போகிறது. புரோபை அங்கங்கே வைத்து வந்தால், ஃபியூஸ் பாக்ஸ் முனையில் கேபிளின் செம்புக்கும் அதன் முனையில் போல்ட்டுக்காகப் பொருத்திய உலோக லக்குக்கும் இடையே மட்டும் ஏறக்குறைய 1 வோல்ட். வெளியே பார்த்தால் லக் பளிச்சென்றுதான் இருந்தது, நட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. கறுப்பு ஸ்லீவை பிளேடால் கீறிப் பிரித்ததும் உள்ளே ஒயர் இழைகள் லக்கின் வாயில் கறுத்துப்போய், அதற்கு மேலே ஒரு விரல்கடை நீளம் பச்சை பூத்து, இன்சுலேஷன் பிஸ்கட் மாதிரி உடைந்து கொட்டியது. இழைகள் லக்கைத் தொடுகின்றன, ஆனால் பிடிப்பில்லை. சூடானால் விலகும், கொஞ்சம் அதிர்ந்தால் மறுபடி சேரும். முள் ஆடியதன் காரணம் மொத்தமும் அதுதான்.

இதை ஓம்ஸ் ரேஞ்சில் வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 29 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 1 வோல்ட் விழுகிறது என்றால் அந்த இணைப்பின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 0.034 ஓம். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டுப் பிடித்தாலே 0.2, 0.3 ஓம் காட்டும், அதற்குள் 0.034ஐ எங்கே தேடுவது? கன்டினியூட்டி வைத்தால் பீப் அடிக்கும், ஒயர் நன்றாக இருக்கிறது என்று மூடிவிடுவோம். ஆனால் அதே 0.034 ஓம் ஏறக்குறைய 29 வாட் சூட்டை அந்தச் சின்ன லக்கில் கக்கிக்கொண்டிருக்கிறது, 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். முள் ஆடுவது தொல்லைதான், ஃபியூஸ் பாக்ஸ் உருகுவது அதைவிடப் பெரிய தொல்லை. கேபிளைப் பளபளக்கும் செம்பு தெரிகிற வரை வெட்டி, புது லக் போட்டு நன்றாக கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஏற்றிய பிறகு 45 ஆம்பியரில் மொத்த பிளஸ் பக்க இழப்பு 0.12 வோல்ட். முள் நின்ற இடத்தில் நிற்கிறது.

இதில் கிளாம்பின் பங்கு எவ்வளவு, மல்டிமீட்டரே போதுமே என்று வாதாடலாம். நியாயமான வாதம்தான், லக்கைக் கடைசியில் காட்டிக்கொடுத்தது மல்டிமீட்டர் புரோப். ஆனால் வோல்ட் இழப்பு எண் தனியாக நின்றால் அர்த்தமில்லை. 0.2 வோல்ட் இழப்பு 60 ஆம்பியரில் என்றால் கேபிள் அருமையாக இருக்கிறது, 10 ஆம்பியரில் என்றால் கேபிள் சாகப்போகிறது. பிளஸ் பக்கம் 0.3 வோல்ட்டுக்குள், எர்த் பக்கம் 0.2க்குள் என்று பொதுவாகச் சொல்வார்கள், எந்த லோடில் என்று கேட்டால் பல பேரிடம் பதில் இருக்காது.

வேறு சில வண்டிகளிலும் மாட்டிப் பார்த்தேன், நான் மீட்டர் வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்தால் நண்பர்கள் சும்மா விடுவார்களா. ஒரு டீசல் பிக்கப்பில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் சீரான இடைவெளியில் விழுந்து எழும், வோல்ட் விழும்போதெல்லாம் ஆம்பியர் ஜிவ்வென்று ஏறி மீட்டரின் 100 ஆம்பியர் எல்லையைத் தாண்டியது. இன்டேக் ஹீட்டர். குளிரில் காற்றைச் சூடாக்க அது விட்டு விட்டு வேலை செய்யும், கம்மின்ஸ் இன்ஜின் போட்ட ராம் டிரக்குகளில் இது பிரபலம், அந்த முள் ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து ஆல்டர்னேட்டர் மாற்றியவர்கள் நிறைய. இன்ஜின் சூடானதும் ஆட்டம் நின்றுவிட்டால் அது கோளாறே இல்லை. இன்னொரு வண்டியில் லோடு போட்டதும் ஆம்பியர் 50க்கு ஏறி, பெல்ட் கீச்சென்று கத்தி, 20க்கு விழுந்தது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது, இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் நடத்தை வேறு. ஆம்பியர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது, திடீரென்று பூஜ்யத்துக்கு அருகே போகும், ஒரு குழியில் வண்டி குலுங்கினாலோ ஆல்டர்னேட்டர் முதுகில் ஸ்குருடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டினாலோ உயிர் வரும். பிரஷ், தான் உரச வேண்டிய சுழலும் வளையத்தை (ஸ்லிப் ரிங்) தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்று அர்த்தம். பல மாடல்களில் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் ஒரே துண்டாகக் கிடைக்கும், முழு ஆல்டர்னேட்டர் தேவையில்லை.

புது மாடல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இப்போதைய டிரக்குகளில் சார்ஜிங்கை முடிவு செய்வது இன்ஜின் கம்ப்யூட்டர், ஆல்டர்னேட்டர் வெறும் வேலைக்காரன். எரிபொருள் மிச்சம் பிடிக்க 13 வோல்ட்டுக்குக் கீழேகூட இறக்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி உருளும்போது இன்ஜினுக்குச் செலவில்லாத நேரம் பார்த்து 14.5க்கு மேல் ஏற்றும், ஹெட்லைட் போட்டால் இன்னொரு அளவு. ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் இந்த ஏற்ற இறக்கம் 2000களின் நடுவிலிருந்தே உண்டு. 12.8 காட்டுகிறதே என்று பதறுவதற்கு முன் பேட்டரியின் மைனஸ் கேபிளில் கிளாம்பைப் போடுங்கள். உள்ளே போவதும் வெளியே வருவதும் பூஜ்யத்தைச் சுற்றி இருந்தால், பேட்டரி நிறைந்திருக்கிறது, கம்ப்யூட்டர் வேண்டுமென்றே இறக்கி வைத்திருக்கிறது. 10, 15 ஆம்பியர் தொடர்ந்து வெளியே வந்துகொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இந்த வண்டிகளில் மைனஸ் முனையில் ஒரு கரன்ட் சென்சார் இருக்கும், லைட் பாரோ ஆம்ப்ளிஃபயரோ மாட்டியவர் அதன் எர்த் ஒயரை நேராக பேட்டரி மைனஸ் முனையில் முறுக்கியிருந்தால் அந்த ஒயரில் ஓடும் கரன்ட் சென்சாருக்குத் தெரியாமலேயே போய்விடும், கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போட்டு சார்ஜிங்கை இஷ்டத்துக்கு ஆட்டும். எர்த்தை பாடியில் கொடுத்தால் சரியாகும்.

இன்னும் ஒன்று, 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்றால் ஐடிலிங்கில் 120 வராது. புல்லி அளவு வித்தியாசத்தால் அது இன்ஜினைவிட இரண்டரை, மூன்று மடங்கு வேகத்தில்தான் சுற்றும், ஐடிலிங்கில் கிடைக்கும் அந்த வேகத்தில் 120இல் பாதி ஆம்பியர் வந்தால் பெரிது. எல்லா லைட்டும் ஏர் கண்டிஷனரும் போட்டுவிட்டு நின்ற இடத்தில் வோல்ட் சரிகிறதே என்றால் செலவைக் குறையுங்கள். சூட்டில் 14.5 கொஞ்சம் கொஞ்சமாக 13.8க்கு இறங்குவதும் இயல்பு, ரெகுலேட்டர் சூட்டுக்கேற்ப இறக்கத்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டயோடுகளின் சோதனைக்கு வருகிறேன். இந்த மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பார்க்க வேண்டும். நல்ல ஆல்டர்னேட்டரில் 0.1க்குக் கீழே இருக்கும், 0.5ஐத் தாண்டினால் டயோடு மேல் சந்தேகம். இதைச் செய்வதற்கு முன் உங்கள் மீட்டரை ஒரு சோதனை போடுங்கள்: இன்ஜின் நிறுத்தியிருக்கும்போது ஏசி வோல்ட்டில் பேட்டரியைத் தொட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். சில மலிவு மல்டிமீட்டர்கள் 27, 28 என்று அளந்துவிடும், டிசியை உள்ளே தடுக்கும் கெப்பாசிட்டர் இல்லாததால் வரும் கோளாறு அது, அந்த மீட்டரால் ரிப்பிள் (டிசியில் கலந்து வரும் ஏசி அலை) பார்க்கவே முடியாது. நான் வாங்கியது பூஜ்யம் காட்டியது.

இந்தச் சோதனை எவ்வளவு நம்பகம் என்றால், ஓரளவு. ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2000 சுற்று என்று வைத்துக்கொண்டால், 12 காந்த முனை உள்ள சாதாரண ரோட்டரில் (சுழலும் பாகம்) ஒரு ஃபேஸுக்கு 200 ஹெர்ட்ஸ், ஆறு டயோடு வழியாக வரும்போது ரிப்பிள் 1200 ஹெர்ட்ஸ். இந்த வகுப்பு மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸ் வரைதான் துல்லியம் என்று சொல்கின்றன. அப்படியானால் நல்ல ஆல்டர்னேட்டரின் ரிப்பிளை இது சரியாக அளக்காது, ஆனால் ஒரு டயோடு போனால் பள்ளம் 200 ஹெர்ட்ஸில் விழும், அதை நன்றாகவே பிடிக்கும். நமக்கு வேண்டியதும் அதுதானே.

இப்போது குறைகள். ஜீரோ நிலைப்பதில்லை. ஹால் சென்சார் சூட்டுக்கும் அக்கம்பக்கத்துக் காந்தப் புலத்துக்கும் ஆடும், ஆல்டர்னேட்டர் பக்கத்தில் கொண்டுபோனாலே ஒன்றிரண்டு ஆம்பியர் தானாக வருகிறது. கேபிளுக்குப் பக்கத்தில், அளக்கப் போகிற அதே கோணத்தில், வாயை மூடிப் பிடித்து ஜீரோ அழுத்தி, அப்புறம் கேபிளை உள்ளே விட வேண்டும். பழகிவிடும், ஆனால் எரிச்சல்தான். மினிமம் மேக்ஸிமம் பதிவு இல்லை, நான் ஸ்டார் குறைத்தது முக்கியமாக இதற்காக. விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அது எவ்வளவு உதவும், ஓட்டிக்கொண்டிருக்கும்போது திரையையா பார்க்க முடியும்? டிஸ்பிளே நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் மாறுகிறது, சட்டென்று விழுந்து எழுவதை விழுங்கிவிடும். சிறிது அதிகம் செலவழிக்க முடிந்தால் மினிமம் மேக்ஸிமம் பதிவு உள்ளதாகவே வாங்குங்கள். வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் காட்டாது என்பதால் இரண்டாவது மீட்டர் வேண்டும், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 ஆம்பியர் எல்லை ஆல்டர்னேட்டருக்குச் சமாளிக்கும், செல்ஃப் மோட்டார் இழுப்பையும் வின்ச்சையும் இதில் பார்க்க முடியாது.

பிடித்தது வாயின் அளவு. பெரிய 600 ஆம்பியர் கிளாம்ப்களின் வாய் ஃபேன் ஷ்ரவுடுக்கும் இன்ஜினுக்கும் நடுவே நுழையவே நுழையாது, இது கேபிளை மேலுறையோடு கவ்விக்கொள்கிறது. ஒரு கேபிள் மட்டும் வாய்க்குள் இருக்க வேண்டும், பிளஸும் மைனஸும் சேர்ந்து போனால் ஒன்றையொன்று கழித்துவிடும். அம்புக்குறி எந்தத் திசை என்று பார்த்து மாட்டினால் மைனஸ் குறியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கீழ் ரேஞ்சில் மில்லி ஆம்பியர் வரை இறங்குவதால் ராத்திரி பேட்டரி இறங்குகிற வண்டிகளிலும் உதவியது: கதவைப் பூட்டி, கம்ப்யூட்டர்கள் தூங்குகிற வரை அரைமணி நேரம் விட்டு, மைனஸ் கேபிளில் பார்த்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும்.

லைட்டர் சாக்கெட்டில் சொருகும் வோல்ட் மீட்டர் போதாதா என்றால், ஓட்டும்போது ஒரு கண் வைக்க அது வசதி, ஆனால் அதுவும் டாஷ்போர்டு முள் பார்க்கிற அதே கையிருப்பைத்தான் பார்க்கிறது, ப்ளோவர் வேகம் கூட்டினால் அதில் 0.3 குறையும், ப்ளோவரோடு சாக்கெட் பகிர்ந்துகொள்ளும் ஒயரின் இழப்பு அது.

அப்புறம், இந்த மீட்டர் வாங்கக்கூடிய வசதி இல்லாதவர்களுக்குச் சிலர் சொல்லித்தரும் பழைய சோதனை ஒன்று இருக்கிறது, ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பது, நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர் போச்சு, ஓடினால் நல்லது என்று. தயவுசெய்து செய்யாதீர்கள். சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது பேட்டரி திடீரென விலகினால் 12 வோல்ட் வண்டியில் 100 வோல்ட்டை நெருங்கும் ஸ்பைக் வரலாம், அதை விழுங்க பேட்டரி இருக்காது. கம்ப்யூட்டரும் டயோடும் அதைத்தான் முதலில் வாங்கிக்கொள்ளும், நன்றாக இருந்த ஆல்டர்னேட்டரை அந்தச் சோதனையே கெடுத்துவிடும்.

பெட்டியில் கூடவே வரும் புரோப் ஒயர்கள் மட்டம், கொஞ்சம் குளிரிலேயே விறைத்துக்கொள்கின்றன, முனையும் மொட்டை. முதலைக் கிளிப் போட்ட சிலிக்கோன் ஒயர் ஒரு ஜோடி தனியாக வாங்கிவிடுங்கள். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் இரண்டு கையிலும் புரோபைப் பிடித்துக் குனிந்து நிற்பதைவிட, இன்ஜினை நிறுத்தி கிளிப்பை மாட்டிவிட்டு, ஒயரை பெல்ட் பக்கம் போகாமல் ஒதுக்கிக் கட்டி, தள்ளி நின்று ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.